எதிர்ப்பரணில் ஆள் இல்லாத வருஷம்

புளி மூட்டைகளோடு செங்கத்துக்கு இறங்கிய ஜீப் மூன்றாம் நாள் மலைக்குத் திரும்பி வந்தது. என் புருஷன் திரும்பி வரவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஜீப் ஓட்டி வந்தவர் காலிச் சாக்குகளை இறக்கிப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தீர்த்தகிரி அங்கியே தங்கிட்டான்மா. மண்டிக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு கூட வூடு எடுத்துக்கினு இருக்கறான். இனிமே அவன எதிர்பாக்க வேணாம்னு ஒங்கிட்ட சொல்லச் சொன்னான்."

மூன்று வருஷம் ஒரே பானைச் சோறு தின்றோம். அதற்கு அவன் கொடுத்தது ஒரே ஒரு வார்த்தை. அதையும் அடுத்தவர் வாயில் போட்டு அனுப்பியிருந்தான்.

காளியம்மாவின் பிள்ளைகளே, போன ஆடியில் கூழ் ஊற்றிய அன்று நம் கோயில் வாசலில் ஒவ்வொருவராக எழுந்து அம்மா செய்த நன்மையைச் சொன்னீர்கள். ஒருத்திக்குப் பத்து வருஷம் கழித்துப் பிள்ளை. ஒருவருக்குப் பாம்பு கடித்தும் உயிர் தங்கியது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெள்ளச்சியும் சொல்லட்டும் என்றார்கள். நான் கூழ்ப் பானையைக் கழுவப் போய்விட்டேன். என் கதையில் போனது திரும்பி வந்து சந்தோஷம் தரவில்லை. கேட்டதும் கேட்டபடி கிடைக்கவில்லை. அதையெல்லாம் சாட்சி என்று சொல்லலாமா என்று அப்போது தெரியவில்லை. இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஐந்தாவது வரை படித்த கையால் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் அது பிழை இல்லை, நான் வைத்ததுதான்.

மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கீழ்நாட்டிலிருந்து பஜனைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் புதூர்நாட்டைச் சேர்ந்த ஒரு சின்ன ஊர். ஊருக்குக் கீழே ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பது என் அப்பா சாகும் முன் எனக்கென்று விட்டுப்போன சாமைக் கொல்லை. அந்தப் பக்கம் தீர்த்தகிரியின் கொல்லை. இரண்டிலும் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பரண். சாமையில் கதிர் பிடித்துவிட்டால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை பரணில் உட்கார்ந்து கிளியும் குருவியும் விரட்ட வேண்டும். சும்மா விரட்ட மாட்டோம். பாட்டாகப் பாடி விரட்டுவோம். ஒரு பரணிலிருந்து முன்னடி எடுத்தால், எதிர்ப்பரணிலிருந்து எதிரடி வரும்.

"ஆரிருக்கா, ஆரிருக்கா, சாமக்கொல்ல காவலுக்கு?
மேக்கால கிளி வருது, கீக்கால குருவி வருது,
ஆரிருக்கா காவலுக்கு?"

இது முன்னடி. இதற்கு எதிரடி எப்போதும் ஒன்றுதான்.

"நானிருக்கேன், நானிருக்கேன், நாலு தெச பாத்திருக்கேன்."

தீர்த்தகிரியின் முகம் பழகும் முன்பே அவன் குரல்தான் எனக்குப் பழக்கம். நான் ஆரிருக்கா என்று நிறுத்துவதற்குள் நானிருக்கேன் என்று எழும்பும். ஓடைத் தண்ணீர் அந்தக் குரலுக்கு நின்று கேட்டுவிட்டுப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியம். கல்யாணமான பிறகும் மூன்று அறுவடை அப்படியே பாடினோம். நாள் முழுக்க நான் கேட்பேன், அவன் இருக்கிறேன் என்பான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் பொய்.

ஜீப் வந்து போன அன்றிலிருந்து எட்டு நாள் கத்தி அழுதேன். ஒன்பதாம் நாள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் போய்விட்டது. கசாயம் வைத்துக் குடித்தேன். மிளகு மென்றேன். திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு நடந்து இறங்கினேன். தொண்டையில் ஒன்றும் இல்லை, மனதைத் தைரியமாக வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தால் நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்?

அவன் அம்மா எனக்கு அத்தை. அவள் முதல் மாதம் பேசாமல் இருந்தாள். இரண்டாம் மாதம் தண்ணீர் எடுக்கிற இடத்தில் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னாள். "புள்ள ஒண்ணு பெத்துக் குடுத்திருந்தா எம்மவன் ஏன் போறான்? பாட்டு பாடுனா வயிறு நெறையுமா?" அன்றைக்கே என் பாயைச் சுருட்டிக்கொண்டு அவள் வீட்டை விட்டு வெளியே வந்தேன். அண்ணன் மாணிக்கம் வீட்டில் நான்கு நாள் இருந்தேன். ஐந்தாம் நாள் அண்ணி களி உருண்டையைத் தட்டில் போடும்போது சத்தம் வந்தது. உருண்டை விழுந்த சத்தம் இல்லை, மனசு விழுந்த சத்தம். என் கொல்லையில் ஒரு கொட்டாய் போட்டுக்கொண்டு அங்கேயே போய்விட்டேன்.

பாறை ஓரம் வரை போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

என் கொல்லையின் மேல் ஓரத்தில் ஒரு பலாமரம். அதன் அடியில் ஒரு கல், ஒரு துருப்பிடித்த சூலம். அதுதான் எங்கள் காளி. நம் பெரிய கோயில் காளிக்கு வெள்ளிக் கவசம் இருக்கிறது. அவளுக்கு மழை பெய்தால் பாசி, வெயில் அடித்தால் எறும்பு. செவ்வாய்க்கிழமை தோறும் அந்தக் கல்லுக்கு எண்ணெய் தேய்த்து, விளக்கு வைத்து, சத்தம் வராத வாயால் கேட்டேன். அவனைக் கொண்டுவந்து எதிர்ப்பரணில் உட்கார வை. சேவல் அறுக்கிறேன். பொங்கல் வைக்கிறேன். அவனைக் கொடு.

சித்திரை முடிந்தது. வைகாசி, ஆனி முடிந்தது. விளக்கு எரிந்தது. கல் கல்லாகவே இருந்தது.

ஆடியில் மழை இறங்கியது. விதைக்காவிட்டால் அந்த வருஷம் தின்ன ஒன்றும் இல்லை. மேல்கொல்லைக்காரி சின்னத்தாயி என் வயசுக்காரி. அவள் வீட்டுக்காரர் எனக்கு உழுது கொடுத்தார். அதற்கு மாற்றாக அவர்கள் கொல்லையில் நான் களை எடுத்தேன். சாமை முளைத்தது. ஆவணியில் முழங்கால் வந்தது. புரட்டாசிக் கடைசியில் கதிர் தலை சாய்ந்தது. மனுஷன் ஏமாற்றினாலும் சாமை ஏமாற்றவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் பரண் ஞாபகம் வந்தது.

ஏறி உட்கார்ந்தேன். எதிரே அவன் கொல்லையில் விதைப்பே இல்லை. புல்பூண்டு மண்டிக் கிடந்தது. அவன் பரணில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்துத் தட்டினேன். முதல் நாள் கிளிகள் பயந்தன. இரண்டாம் நாள் யோசித்தன. மூன்றாம் நாள் தகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கதிரைக் கொத்தின.

கிளி தின்றது கொஞ்சம்தான். என் பயம் வேறு ஒன்று. நம் மலையில் பாட்டு கேட்காத கொல்லைக்கு விட்ட கொல்லை என்று பெயர். ஆள் இல்லை என்று அர்த்தம். யாரும் மாடு ஓட்டலாம், கேட்க முடியாது. சொந்தக்காரன் எடுத்துக்கொள்ளலாம், அதையும் கேட்க முடியாது. ஐப்பசி பிறந்த வாரம் அண்ணன் வந்து வரப்பில் நின்றான்.

"இன்னா வெள்ளச்சி, பரண்ல கொரலே கேக்கல? விட்ட கொல்லயான்னு ஊர்ல கேக்கறானுங்க."

தகரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"தகரத்த காத்து கூடத்தான் தட்டும்" என்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தாண்ட பரண்ல நான் ஏறிக்கறேன். முன்னடியும் நானே பாடறேன், எதிரடியும் நானே பாத்துக்கறேன். நீ எறங்கி வூட்டுக்கு வந்துடு. தை பொறந்தா ஒருத்தன் வர்றான் ஒன்ன பாக்க. பொண்டாட்டி செத்தவன். மூணு புள்ளைங்க. ஒனக்கும் ஒரு வழி ஆவும்."

அவன் கெட்டவன் இல்லை. கணக்குத் தெரிந்தவன். எதிரடி எடுக்கிறவனுக்குக் கொல்லையில் பாத்தியதை உண்டு. அது நம் வழக்கம். என் தங்கைக்காக நான் பாடினேன் என்று இந்த வருஷம் சொல்வான், என் கொல்லை என்று அடுத்த வருஷம் சொல்வான். எனக்கு ஒரு வழி ஆகும் என்றானே, அந்த வழியின் முடிவில் யாரோ பெற்ற மூன்று பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துக்கொண்டு நான் நின்றேன். தலையை ஆட்டி மாட்டேன் என்றேன்.

"வர்ற செவ்வாக்கெழம வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கொரல் கேக்கலன்னா மாட்ட எறக்கிடுவேன். அடுத்தவன் எறக்கறதுக்கு நான் எறக்கறது மேலு." சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சின்னத்தாயி இறங்கி வந்தாள். எனக்காக அவளும் ஒரு பக்கம் கண்ணைத் துடைத்தாள். "நான் எதிரடி எடுக்கலாம்மே. ஆனா நாளைக்கி எங்க வூட்டுக்காரரு பங்குன்னு வந்து நிப்பாரு. அவர எனக்குத் தெரியாதா?" என்றாள். போகும்போது திரும்பி நின்றாள். "கொரல் வந்துச்சுன்னாகூட நீயே ரெண்டையும் பாடிடாத. ஒங்க அத்த சும்மா வுடமாட்டா."

அதுவும் வழக்கம்தான். ஒரு பெண்ணின் குரலே முன்னடியையும் எதிரடியையும் பாடினால் அது தாலி அறுத்தவளின் பாட்டு. புருஷன் செத்த வருஷத்து அறுவடைக்கு மட்டும் அப்படிப் பாடுவார்கள், மலை முழுக்கத் தெரியட்டும் என்று. உயிரோடு இருக்கிறவனை வைத்துக்கொண்டு பாடினால் அவனுக்குச் சாவு கேட்டதாக ஆகும்.

யோசித்துப் பாருங்கள். பாடாவிட்டால் மாடு வரும். அண்ணன் பாடினால் கொல்லை போகும். நானே பாடினால் கொலைகாரி. ஓடிப்போனவன் செங்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். அவன் மேல் மட்டும் எந்த வழக்கமும் பாயவில்லை.

திங்கட்கிழமை பொழுது சாயும் நேரம் பலாமரத்தடிக்குப் போனேன். எண்ணெய் கொண்டுபோகவில்லை. விளக்கும் வைக்கவில்லை. சண்டை போடத்தான் போனேன். கும்பிட்ட வாயால் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டினேன். சத்தமில்லாமல் திட்டினாலும் திட்டு திட்டுதான். ஏழு மாசமாக எண்ணெய் வாங்கிக் குடித்தாயே, உனக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டேன். நீயும் ஒரு பொம்பளைதானா என்று கேட்டேன். கல்லில் கையால் அடித்தேன். கை வலித்தது. அப்புறம் ஒரு சொல் என்னை அறியாமல் வந்தது. "அவன் வேணாம். அவன நீயே வெச்சிக்கோ. எனக்கு எங் கொரல குடு. எங் கொல்லய குடு."

ஏழு மாசத்தில் எனக்கென்று நான் கேட்டது அன்றுதான். அதற்கு முன் கேட்டதெல்லாம் அவனைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை தூறல். ஓடை மேல் பனிமூட்டம். பரணில் ஏறினேன். கீழ் வரப்பில் அண்ணன் இரண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொன்ன வார்த்தை தவறாதவன். மேற்கால ஒரு கூட்டம் கிளி வந்து கொல்லையில் இறங்கியது, பச்சைத் துணியை உதறிப் போட்ட மாதிரி. அண்ணன் கயிற்றைத் தளர்த்தினான். நான் வாயைத் திறந்தேன்.

"ஆரிருக்கா."

வந்தது. பழைய குரல் இல்லை. உடைந்த சட்டி போல ஒரு குரல். ஆனால் வந்தது.

"ஆரிருக்கா, ஆரிருக்கா, சாமக்கொல்ல காவலுக்கு? ஆரிருக்கா காவலுக்கு?"

பாடிவிட்டு நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் தெரியுமா? பழக்கம். அவன் எதிரடி எடுப்பதற்காக மூன்று வருஷம் அந்த இடத்தில் நிறுத்திய வாய், அவன் ஓடிப்போன பிறகும் அதே இடத்தில் நின்றது. எனக்கே வெட்கமாக இருந்தது. எதிர்ப்பரண் பனிக்குள் காலியாகக் கிடந்தது.

அந்த வெறும் இடத்தில் மலை கேட்டது.

"ஆரிருக்கா காவலுக்கு?"

பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் பிறகு சொன்னேன். மலையில் குரல் பட்டுத் திரும்பும், அது எங்கும் நடக்கிறதுதான் என்றார். எனக்கும் தெரியாதா? சின்ன வயதிலிருந்து அந்த மலையில் கத்தி விளையாடியவள் நான். ஆனால் அந்தப் பரணில் உட்கார்ந்து அதுவரை ஒரு நாளும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. எப்படிக் கேட்பேன்? நான் முடிக்கும் முன்பே அவன் நானிருக்கேன் என்று குறுக்கே விழுந்துவிடுவான். அத்தனை வருஷமும் மலை என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அவன் சத்தத்தில் என் காதில் விழவில்லை.

அது காளி என்று நான் நம்புகிறேன். முதல் நாள் அடித்தேன் அல்லவா, மறுநாள் கேட்டாள். ஆறுதல் சொல்லவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. உன் கொல்லைக்கு யார் இருக்கிறார்கள் என்று என்னையே கேட்டாள்.

கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

"நானிருக்கேன்" என்றேன். "நானிருக்கேன், நானிருக்கேன், நாலு தெச பாத்திருக்கேன்."

கிளிகள் எழுந்தன. மேல்பரணில் சின்னத்தாயி பாடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. அண்ணன் மாட்டைத் திருப்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பொழுது சாயும் வரை பாடினேன். பாடி நிறுத்துவேன். மலை கேட்கும். பதில் சொல்வேன். தொண்டையில் ரத்தம் கசிந்த மாதிரி உப்புக் கரித்தது. நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் அத்தை ஊர்க்கவுண்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலையை விரித்துப் போட்டிருந்தாள். "எம்மவன் உசிரோட இருக்கறான். இவ எழவுப் பாட்டு பாடறா. கேளுங்க கவுண்டரே" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள் பின்னால் நின்றார்கள். ஏழு மாசமாக நான் செத்தேனா இருக்கிறேனா என்று எட்டிப் பார்க்காத ஜனம் அன்றைக்குத் தவறாமல் வந்திருந்தது.

கவுண்டர் வயதானவர். சீக்கிரம் கோபம் வரும். "இன்னாமே இது? புருசன் உசிரோட இருக்கச்சொல்ல ரெண்டடியும் பாடுனியா?" என்றார்.

"எதிரடி மட்டுந்தான் என்னுதுங்க மாமா. கேள்வி காளி கேட்டது. நின்னு கேளுங்க."

பாடினேன். நிறுத்தினேன். மலை கேட்டது. நான் பதில் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்து, காதைத் திருப்பி, இன்னொரு தடவை என்றார். மறுபடி பாடினேன். கவுண்டர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மல கேக்குது. அவ சொல்றா. இதுல சாவு எங்க இருக்குது? கொல்லையில கொரல் இருக்குது, கொல்ல அவளுது. யாரும் மாட்ட எறக்கக் கூடாது." அதோடு விட்டிருக்கலாம். அத்தையைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஆனா ஒண்ணு. இவ புருசன் என்னிக்கி வந்து அந்தப் பரண்ல ஏறி எதிரடி எடுக்கறானோ, அன்னிக்கி அவன் புருசந்தான். பழையபடி வூட்டுக்குக் கூட்டிக்கினு போலாம். இவ தடுக்கக் கூடாது."

நியாயத்திலும் ஓடிப்போனவனுக்கு ஒரு கதவு திறந்து வைத்தார்கள். எனக்குக் கொடுத்தது கொல்லை, அவன் வரும் வரைக்கும்.

கார்த்திகையில் நானே அறுத்தேன். களம் தட்டினேன். அடுத்த சாமை வரைக்கும் வயிற்றுக்குப் போதுமானது இருந்தது. யார் தட்டிலும் விழுகிற களிக்கு நான் கை நீட்டவில்லை. புதுச் சாமையில் பொங்கல் வைத்துக் காளிக்குப் படைத்தேன். சேவல் அறுக்கவில்லை. சேவல் நேர்ந்துகொண்டது அவனுக்காக. அது கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தது, மேயட்டும் என்று விட்டேன்.

எண்பதாம் வருஷம் புரட்டாசியில் தீர்த்தகிரி மலை ஏறினான்.

செங்கத்துப் பெண் அவனைத் துரத்திவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் புத்திசாலி. எனக்கு மூன்று வருஷம் ஆனது அவளுக்கு இரண்டே வருஷத்தில் புரிந்துவிட்டது. வந்தவன் என் கொட்டாய்க்கு வரவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் அம்மா கவுண்டர் தீர்ப்பைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நேரே போய் எதிர்ப்பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தான். அவன் கொல்லையில் ஒரு கதிர் இல்லை. பூண்டுக்குக் காவல் உட்கார்ந்த முதல் மனுஷன் அவன்தான்.

அத்தை வரப்பில் வந்து நின்றாள். அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி சிரித்த முகமாக இருந்தாள். ஊரே ஓடைக்கரையில் நின்றது.

"பழசெல்லாம் மறந்துடு கண்ணு" என்றாள் அத்தை. கண்ணு. எனக்கு அந்தப் பெயரும் உண்டு என்று அன்றுதான் தெரியும்.

அவன் எதிரே இருந்து கூப்பிட்டான். "வெள்ளச்சி, முன்னடி எடுமே."

அதே குரல். அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்ச் சாட்சி ஆகிவிடும். அந்தக் குரல் கேட்டதும் முன்னடி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் தொண்டை எனக்கே துரோகம் செய்யப் பார்த்தது. பாடு, அவன் இருக்கேன் என்று சொல்லட்டும், ஒரே ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றது. பலாமரத்தைப் பார்த்தேன். இப்போது என்ன செய்ய என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. எப்போதும் போல நான் பாடி நிறுத்தினால்தான் அவள் கேட்பாள். நான் நிறுத்துகிற அந்த வெறும் இடத்துக்காகத்தான் அவன் எதிரே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாடாமல் இருக்கவும் முடியாது. கிளி இறங்கிக்கொண்டிருந்தது. பாடாத கொல்லை விட்ட கொல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காளி இரண்டு வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டு என்னைப் பழக்கியது எதற்காக என்று. இனி அவள் கேட்கத் தேவையில்லை. அவளுக்காகக் காத்து நிற்கவும் தேவையில்லை.

மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தேன். முன்னடி எடுத்தேன். நிறுத்தவில்லை. அதே மூச்சில் எதிரடிக்குப் போனேன்.

"ஆரிருக்கா காவலுக்கு நானிருக்கேன் நானிருக்கேன் நாலு தெச பாத்திருக்கேன்."

கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள். அவன் திறந்த வாய் திறந்தபடி இருந்தது. நுழைய இடம் இல்லை. மறுபடி பாடினேன். மறுபடியும் பாடினேன். ஒரே குரல், இரண்டடி. உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தவனை முகத்துக்கு நேரே தாலி அறுத்தவளின் பாட்டால் பாடினேன். இந்தத் தடவை காளி மேல் பழி போடவில்லை. முன்னடி என்னுடையது, எதிரடியும் என்னுடையது.

மூன்றாவது முறை முடிந்ததும் அவன் பரணிலிருந்து இறங்கினான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தை மண்ணை வாரி என் கொல்லை மேல் தூற்றினாள். பொழுது சாயும் வரை பாடிவிட்டு இறங்கிப் போய், தாலிக்கயிற்றைக் கழற்றிக் காளியின் சூலத்தில் மாட்டினேன். கவுண்டர் ஆள் அனுப்புவார் என்று காத்திருந்தேன். அனுப்பவில்லை. எதிர்ப்பரணில் எதிரடி எழவில்லை என்று கேட்க அவருக்கும் காது இருக்கிறது.

இதற்கு நான் கொடுத்த விலையையும் எழுத வேண்டும். ஐந்தாறு வருஷம் என்னை ஒரு கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. மணப்பெண்ணைக் கூட்டிப் போகிறவர்கள் என் கொல்லை வழியை விட்டுச் சுற்றிப் போனார்கள். உயிரோடு இருக்கிறவனைப் பாடி அனுப்பியவள் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அவனைத் தாங்கிப் பேசியவர்கள் அதிகம். சந்தையில் அவனை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறான். என் பாட்டு பட்டு ஒன்றும் ஆகிவிடவில்லை. சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறார்கள். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிக் காளி இதுவரை என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் பார்ப்போம்.

ஆனால் கொல்லை இருக்கிறது. அதில் நான் வைத்த இரண்டு பலாச்செடி இப்போது காய்க்கிறது. கொட்டாய் வீடாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பஜனையில் முதலில் எழும்புகிற குரல் இன்றைக்கு யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். என்னை அழைக்காத வீட்டுப் பெண்களும் எனக்குப் பின்னால் பாடுகிறார்கள். அந்தக் குரல் அவன் கொடுத்ததில்லை. அவன் போனதால் வந்ததும் இல்லை. அவள் கொடுத்தது. நான் கேட்டது வேறு, அவள் கொடுத்தது வேறு. கொடுத்ததுதான் எனக்குத் தேவையாக இருந்தது. அதற்காக அவள் கல்லில் தலை வைத்துக் கும்பிடுகிறேன்.

உங்களில் யாருக்காவது ஜீப் திரும்பி வந்து ஆள் திரும்பாமல் போயிருந்தால், அவளிடம் போங்கள். எண்ணெய் இருந்தால் எண்ணெயோடு போங்கள், இல்லாவிட்டால் கோபத்தோடு போங்கள். அவள் இரண்டையும் வாங்கிக்கொள்வாள். அவள் கண்ணைத் துடைத்துவிட மாட்டாள், கேள்விதான் கேட்பாள். நம்பிப் பதில் சொல்லுங்கள்.

இந்தப் புரட்டாசியிலும் கதிர் நன்றாகப் பிடித்திருக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் ஓடைக்கரையில் நின்று பாருங்கள். எதிர்ப்பரண் எப்போதோ சரிந்து விழுந்துவிட்டது. இந்தப் பரணில் நான் இருக்கிறேன்.